ஸ்டேஷன்லயும் ஒரு ஸ்டாக் போர்டு வைங்கய்யா

ராஜபாளையம் நகராட்சிக்கு நாம கட்டுற சொத்து வரியில போலீசுக்குன்னு தனியா ஒரு பைசா கிடையாது மக்களே. காவல்துறை மாநிலப் பட்டியல்ல இருக்கு. சம்பளம், ஜீப்பு, டீசல் எல்லாம் சென்னையில முடிவாகுது. அதனாலயே நம்ம ஸ்டேஷனுக்கு எத்தனை பேர், அதுல எத்தனை பேர் வேலைக்கு வர்றாங்கன்னு கேட்கணும்னே நமக்குத் தோணுறதில்லை.

இங்கிலாந்து, வேல்ஸ்ல 2010-க்கு அப்புறம் சிக்கனம்னு சொல்லி கிட்டத்தட்ட 20,000 போலீசைக் குறைச்சாங்க. ஊரே கத்துச்சு. 2019-ல அதே கட்சி, 20,000 பேரை எடுக்குறோம்னு ஓட்டு கேட்டுச்சு. அங்க உள்ளூர் வரி ரசீதுலயே போலீசுக்கு எவ்வளவுன்னு தனியா போட்டு வரும், கத்துறதுக்கு ஒரு பிடி கிடைச்சது. நம்ம ஆளுங்க கெட்டிக்காரங்க. யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. ரிடையர் ஆனவரோட இடத்தை அப்படியே காலியா விட்டுடுவாங்க. சம்பளம் மிச்சம், சத்தமும் இல்லை.

சரி, இருக்குறவங்களாவது ஸ்டேஷன்ல இருக்காங்களா? மாவட்ட நீதிமன்றம் வில்லிபுத்தூர்ல. கேஸ் கட்டைத் தூக்கிட்டு அங்க ஓடணும். ஆடிப்பூரம்னா ஆண்டாள் தேருக்கு பந்தோபஸ்து. அமாவாசை, பௌர்ணமின்னா சதுரகிரி அடிவாரம் தாணிப்பாறை. மந்திரி வந்தா ரோட்டோரம் வெயில்ல நிக்கணும். அன்னிக்கு ராஜபாளையத்துல ஒருத்தன் செயினை அறுத்துட்டு ஓடினா, புகாரை எழுதிக்க ஒரு ஏட்டு இருந்தா பாக்கியம். (லாக்கப்புல அடிக்கிறதுக்கு இதெல்லாம் சாக்கு இல்லை. அது வேற பஞ்சாயத்து.)

2013-ல மாசம் 7,500 ரூபாய்க்கு இளைஞர் படைன்னு மலிவா ஆள் பிடிச்சுப் பார்த்தாங்க. 2021-ல ஏட்டு வரைக்கும் வார விடுமுறைன்னு அரசாணை வந்தது. நல்ல விஷயம்தான், ஆனா ஆறு பேர் முறை வச்சு லீவு எடுத்தா ஏழாவது ஆள் வேணுமே, அவர் எங்க? 1979-லயே ஒழிச்ச ஆர்டர்லி முறையை 2022-ல ஐகோர்ட் மறுபடி ஒழிக்கச் சொல்ல வேண்டி வந்தது. சில பேர் எங்க இருந்திருப்பாங்கன்னு புரியுதா?

நான் கேட்கிறது பெருசா ஒண்ணுமில்லை. ரேஷன் கடையில அரிசி இருப்பு எழுதிப் போடுறாங்கல்ல, அதே மாதிரி ஸ்டேஷன் வாசல்ல மூணு வரி: அனுமதிச்ச இடம் எத்தனை, ஆள் எத்தனை, இன்னிக்கு வெளி டூட்டிக்குப் போனது எத்தனை.

"திருடனுக்குத் தெரிஞ்சு போயிடுமே"ம்பாங்க. அண்ணாச்சி, தேர் அன்னிக்கு ஸ்டேஷன் காலின்னு அவனுக்கு எப்பவோ தெரியும். தெரியாதது நமக்குத்தான்.