ஓய்வுநாள் குறிக்கப்படாத உத்தியோகம்

துறைமுகத்தில் முப்பத்தைந்து ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் சென்ற மாதம் நம் இல்லத்திற்கு வந்தார். "உமக்கு ஓய்வு எப்பொழுது?" என்று வினவினார். விடை தோன்றாமையால் காப்பியை நீட்டினோம்.

நாற்பத்திரண்டு ஆண்டுகளாக எறணாகுளத்துப் பிராட்வேக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியும், ஓணத்திற்கும் தீபாவளிக்கும் விளம்பரப் படம் வரைந்தும் ஜீவித்து வந்தோம். குடியிருப்பு மட்டாஞ்சேரியில், தூரிகைப் பெட்டியுடன் காயலைக் கடந்து அக்கரை சேர்வது நித்திய வழக்கம். அவ்வீதியின் பெயருக்கும் அகலத்திற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஏணியைச் சாத்தினால் பாதி வழி அடைபடும். எந்த முதலாளியிடமும் மாதச் சம்பளம் வாங்கியதில்லை என்பது நம் பெருமை. அப்பெருமைக்குக் கொடுத்த விலையும் உண்டு. கடைக்காரர் ஒருவர் மூன்று பலகைகளின் கூலியை மூன்று ஓணம் கடத்தினார். நான்காம் ஓணத்தில் கடையே அங்கில்லை.

கேரளத்தில் கலாசாரப் பணியாளர்க்கென க்ஷேமநிதி வாரியம் ஒன்று இருக்கிறது. சேர வேண்டிய காலத்தில் நாம் ஏணியின்மேல் இருந்துவிட்டோம். இளைய அன்பர்கள் அவ்வாறு இராமல் உடனே விசாரித்தறிவாராக.

பிளெக்ஸ் வந்தபின் தூரிகைக்கு வேலை குறைந்தது. 2019-ஆம் ஆண்டில் கேரள அரசு அதற்குத் தடை விதித்தபொழுது நம் நாள் திரும்பிற்று என மகிழ்ந்தோம். துணி திரும்பியது, அதன்மேலும் இயந்திரமே எழுதிற்று! இப்பொழுது கையும் சற்றே நடுங்குகிறது. வெளிநாட்டிலுள்ள மகன், "போதும் அப்பா, நிறுத்திவிடுங்கள்" என்கிறான். அன்பினால்தான் கூறுகிறான். எனினும் நிறுத்தியபின் காலையில் எழுந்து என் செய்வது என்பதை அவன் கூறவில்லை.

இவ்வேளையில் இருவரை நினைக்கிறோம். ஓவியர் கோபுலு, ஆனந்த விகடனில் புகழுடன் விளங்கியவர், 1963-இல் அதை விட்டு விளம்பரத் துறைக்குச் சென்றார். பிற்காலத்தில் பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்தபொழுது இடக்கையால் வரையப் பழகினார். அவருடைய மனத்திண்மை நமக்கு வாய்க்குமா என்பது ஐயமே. மற்றவர் கோவில்பட்டி கொண்டைய ராஜு. நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதி வந்தவர். குழு கோவில்பட்டியில் கலைந்தது. அவர் அங்கேயே தங்கிவிட்டார். அருகிலுள்ள சிவகாசியில் அச்சாகிய அவருடைய தெய்வப் படங்கள் காலண்டர்களாகித் தமிழர் வீட்டுச் சுவர்களையெல்லாம் அடைந்தன. அவர் மணம் செய்துகொள்ளவில்லை, சீடர்களே குடும்பம். படத்தின் அடியில் தம் பெயருடன் சுப்பையா முதலிய சீடர் பெயரையும் எழுத இசைந்தார். புகழையே மூலதனமாகக் கொண்டு பிழைக்கும் தொழிலில் இது எளிய காரியமன்று. 1976-இல் அவர் மறைந்தபின்பும் சீடர்களுக்குத் தொழில் இருந்தது.

நமக்குச் சீடர் எவரும் வாய்க்கவில்லை. ஏணி ஏற யார் வருவார் என்றிருந்தோம். இரு வாரங்களுக்கு முன் நம் சங்கத்து உறுப்பினர் ஒருவரின் மகள் கணினியுடன் வந்தாள். பிராட்வே ஜவுளிக்கடை ஒன்று தமிழிலும் மலையாளத்திலும் பலகை கேட்டிருக்கிறதாம். மலையாளம் செவ்வையாக அமைத்திருந்தாள். தமிழில் 'ழ' மட்டும், கால் வழுக்கியவர்போல், ஒருபுறம் சாய்ந்து கிடந்தது.

"தாத்தா, இதை எப்படி நிமிர்த்துவது?" என்றாள்.

காகிதத்தில் எழுதிக் காட்டினோம். கை நடுங்கியது, எழுத்து நடுங்கவில்லை என்று அவள் கூறியது உபசாரமாகவும் இருக்கலாம். அவ்வெழுத்தைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றி, கோணலைச் சீர்செய்து, பலகையில் பொருத்தினாள். அரை மணி நேரத்தில் முடிந்தது. நமக்கு அது இரண்டு நாள் வேலை.

கூலியில் பாதி நமக்கு என்றாள். கால் பங்கு போதும் என்றோம். அடியில் எவர் பெயரை இடுவது என்று கேட்டாள். அவள் பெயரை முதலில் எழுதச் சொன்னோம். வரும் சனிக்கிழமை 'ஞ'-வும் 'ணை'-யும் கற்க வருவதாகக் கூறிச் சென்றிருக்கிறாள். புதுத் தூரிகை ஒன்று வாங்க வேண்டும், நாளை படகேறுகிறோம்.