கொதிப்பு மாத்திரை பாதியில் நிற்பது ஏன்?

இரத்தக் கொதிப்பு உட்கார்ந்து தின்பவனுக்கு வரும் நோய் என்று ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் இன்னும் பேசுகிறார்கள். இது வெறும் கட்டுக்கதை. உலகில் சுமார் 130 கோடிப் பேருக்கு இந்நோய் இருக்கிறது, ஐந்தில் நால்வருக்குப் போதிய சிகிச்சை இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2023ம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. நோயாளிகளில் பெரும்பகுதியினர் ஏழை, நடுத்தர நாடுகளின் மக்கள்தான்.

இந்நோய் வலிப்பதில்லை. அதுதான் ஆபத்து. அளவு 140க்கு 90ஐத் தாண்டி வருஷக்கணக்கில் நின்றாலும் தறியும் ஓடும், நாற்றுநடவும் நடக்கும். பிறகு ஒரு நாள் கையும் காலும் விழுந்துவிடும்.

மருந்து இல்லையா? இருக்கிறது. அம்லோடிபின் போன்ற மலிவான மாத்திரைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அதை வாங்கப் போகும் நாளின் கூலியை யார் தருவது? தொழிலாளி அசட்டையால் மாத்திரையை நிறுத்துகிறான் என்று பிரசங்கம் செய்யும் பெரிய மனிதர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததுண்டா?

இதனால்தான் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை நாம் வரவேற்கிறோம். மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால் அதைச் சுமந்து வரும் பெண்களுக்குக் கிடைப்பது சம்பளமல்ல, ஊக்கத்தொகை! ஊர் நோயைக் கவனிப்பவளின் வீட்டில் அடுப்பெரிய வேண்டாமா?

2017ல் தொடங்கிய மத்திய அரசின் இரத்தக் கொதிப்புக் கட்டுப்பாட்டுத் திட்டத்திலும் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பல மாநிலங்களில் நர்சு கையிலுள்ள செல்போனில் நோயாளியின் அளவு பதிவாகிறது. தவணைக்கு வராதவர் பெயர் தனியே தெரிகிறது. அவரைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். செல்போன் நோயைத் தீர்க்காது. விட்டுப்போனவர் யார் என்று காட்டும். அதன் பிறகு மனிதர்தான் போக வேண்டும்.

தோழர்களே, அந்த மனிதர் நமது சங்கத்திலேயே இருக்கலாமே! மேற்கையில் பட்டை சுற்றும் மின் கருவி ஒன்றைச் சங்க அலுவலகத்தில் வாங்கி வைப்போம். அளப்பதற்கு அரைமணி முன்பிருந்து பீடியும் டீயும் கூடாது. ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, இரண்டு முறை அளக்க வேண்டும். அளவு மிகுந்தால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். நாமே மருந்து சொல்லக் கூடாது. மாத்திரை முடியும் தேதியை நோட்டில் குறித்துக்கொண்டால், பக்கத்துத் தறிக்காரரே ஞாபகப்படுத்திவிடுவார்.

உப்பையும் பேசித்தானாக வேண்டும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் போதும் என்கிறார்கள். கஞ்சிக்கு ஊறுகாயும் கருவாடும் தவிர வேறு தொட்டுக்கொள்ள இல்லாதவரிடம் இதைச் சொல்ல நமக்கே கூச்சமாயிருக்கிறது. கூலி உயர்ந்தால் காய்கறி வரும். ஆலை கேண்டீன் சாம்பாரில் உப்பைக் குறைக்க மட்டும் இன்றே சொல்லலாம்.

ஒன்றில் உஷார் வேண்டும். இந்த நோட்டு டைம் ஆபீசுக்குப் போகக் கூடாது. கொதிப்புள்ளவன் என்று தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்ற பயம்தான் பலரை அளக்கவிடாமல் தடுக்கிறது. அளவு தொழிலாளிக்கும் டாக்டருக்கும் சொந்தம். மருந்து வாங்கும் நாளுக்குச் சம்பளத்துடன் அரை நாள் லீவு வேண்டும் என்பதை அடுத்த கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம்.