மலிவுத் தண்ணீர் யாருக்கு?

சென்னையில் குடிநீர்க் கட்டணத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே, கட்சி பேதமில்லாமல் ஒரே பதில்தான் வரும்: ஏழை வயிற்றில் அடிக்காதீர்கள். கட்டணம் குறைவாக இருந்தால் ஏழைக்கு நல்லது என்ற இந்த நம்பிக்கை பொய். இதனால் அன்றாடம் நஷ்டப்படுவது ஏழைகளே.

மலிவான தண்ணீர் குழாய் இணைப்பு உள்ளவருக்குத்தான் போகிறது. இங்கே பெரும்பாலான வீடுகளில் மீட்டர் கிடையாது. சொத்தின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம் குடிநீர், கழிவுநீர் வரி. அதற்கு மேல், எவ்வளவு செலவழித்தாலும் மாறாத மாதக் கட்டணம். தனியாக வாழும் பாட்டி அடிபம்பில் நாலு குடம் அடித்தாலும், பக்கத்து வீட்டுக்காரர் சம்ப்பை நிரப்பி, கார் கழுவி, புல்தரைக்குப் பாய்ச்சினாலும் அந்த மாதக் கட்டணம் ஒன்றுதான். ஏழையின் பேரைச் சொல்லித் தரும் சலுகையில் பெரும்பங்கு பெரிய தொட்டி வைத்திருப்பவருக்குப் போய்விடுகிறது.

குழாய் எட்டாத தெருக்களைப் பாருங்கள். முனையில் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி. அதைச் சுற்றி வரிசை போட்ட பிளாஸ்டிக் குடங்கள். லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. காத்திருந்து பிடித்துவிட்டு வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அன்று பேச்சும் உண்டு, சம்பளப் பிடித்தமும் உண்டு. குடிக்கக் கேன் வாங்க வேண்டும். 20 லிட்டர் கேன் 35 ரூபாய் என்றால் ஆயிரம் லிட்டர் 1,750 ரூபாய். எந்த நகரக் குடிநீர் வாரியமும் வீட்டுக் குழாய்க்கு இந்த விலை கேட்கத் துணியாது. தண்ணீருக்கு அதிக விலை கொடுப்பவர் குடிசையில் இருக்கிறார். சென்னைக் குடிநீர் வாரியத்துக்கு வருமானம் போதாத வரை குழாய் அவர் தெருவுக்கு நீளாது, பாதாளச் சாக்கடையும் வராது.

வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்து அளவுக்கேற்பக் கட்டணம் வாங்குவதே இதற்கு வழி. ஆனால் மீட்டர் வந்தால் தனியார் வந்துவிடுவார்கள் என்கிறார்கள். கம்போடியத் தலைநகர் நோம்பென்னில் 1993இல் அரசுக் குடிநீர் ஆணையத்தின் பொறுப்பேற்ற எக் சொன் சான், வீடுவீடாக மீட்டர் பொருத்தினார். கட்டணம் கட்ட மறுத்த ராணுவத் தளபதி ஒருவர் அவரை நோக்கித் துப்பாக்கியையே நீட்டினார். அப்போது நகரின் தண்ணீரில் 70 சதவீதத்துக்கு மேல் கசிவிலும் திருட்டிலும் போய்க்கொண்டிருந்தது. பின்னாளில் அது 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஏழைகளுக்கு இணைப்புச் செலவில் மானியம் கிடைத்தது. 24 மணி நேரமும் தண்ணீர் வந்தது. ஆணையம் அரசின் கையிலேயே இருந்தது.

இலவசம் கொடுப்பதற்கும் மீட்டர் வேண்டும். டெல்லியில் 2015இல் மாதம் 20,000 லிட்டர் இலவசம் என்று அறிவித்தபோது, மீட்டர் ஓடும் வீடுகளுக்குத்தான் அது கிடைத்தது.

ஒரு மறுப்பில் மட்டும் நியாயம் இருக்கிறது. முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊரில் குழாயில் காற்று புகுந்து மீட்டரைச் சுழற்றும். காற்றுக்கு யாரும் காசு கட்ட முடியாது. எனவே மீட்டர் பொருத்தும் பகுதியில் விடாமல் தண்ணீர் விடும் பொறுப்பையும் வாரியம் ஏற்க வேண்டும். அடிப்படைத் தேவைக்கான அளவு எல்லோருக்கும் இலவசமாக இருக்கட்டும். அதற்கு மேல் செலவழிப்பவர் அளவுக்கேற்பக் கட்டட்டும். பெரிய சம்ப் உள்ள வீடுகளில் முதல் மீட்டர்களைப் பொருத்தி, அந்த வருமானத்தில் சின்டெக்ஸ் தொட்டி நிற்கும் தெருக்களுக்குக் குழாய் போடட்டும்.