குடியை விட்டவனை மீண்டும் குடிக்க வைப்பது யார்?

"மூன்று வாரம் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கிடந்தான்; திரும்பி வந்து மறுபடியும் சம்சுப் புட்டியைத் தேடிப் போய்விட்டான். இவனா திருந்துவான்?" என்று நம்மவர் பேசக் கேட்டிருக்கிறோம். நாமும் பேசியிருக்கிறோம். பெரட்டுக்கு வராதவன் பெயருக்கு நேரே கோடு கிழித்துக்கொண்டே பேசினோம். அப்பேச்சு அநியாயமானது என்று சொல்லவே இதனை எழுதுகின்றோம்.

ஆஸ்பத்திரி செய்வது யாது? நெடுநாள் குடித்தவன் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், உறக்கம் போகும், சிலருக்கு முதல் சில நாட்களிலேயே வலிப்பும் சித்தப்பிரமையும் கண்டு உயிருக்கே ஆபத்தாகும். அக்கண்டத்தைத் தாண்டுவிப்பது வைத்தியர் கடன். பின்வரும் மாதங்களோ நம்முடையன. மதியத்தில் வேலை முடிந்தபின் இருட்டும்வரை அவன் யாரோடு உட்காருவான்? பழைய தோழர் யாவரும் புட்டியைச் சுற்றியல்லவா உட்கார்ந்திருக்கின்றனர்!

நம் தோட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஆறு மாதம் ஒரு சொட்டும் தொடாத ஒருவர் உறவினர் கலியாணத்திற்குப் போனார். பந்தலின் பின்புறத்தில், "ஒரே ஒரு கிளாஸ் மாப்பிள்ளே! எங்கள் மரியாதையைக் கெடுக்காதே" என்று நீட்டினார் மைத்துனர். இவர் மறுத்தார். "பெண்டாட்டிக்குப் பயந்தவன்" என்று சிரித்தார்கள். மூன்றாம் முறை வாங்கிக்கொண்டார். இனிப்புநீர் வியாதிக்காரர் வாயில் லட்டைத் திணிப்போமா? மறுவாரம் அவரைக் கண்டு காறித் துப்பியவர்களும் அதே பந்தலில் நின்றவர்களே. நாம் எங்கே இருந்தோம்? அங்கேதான், சோடா குடித்துக்கொண்டிருந்தோம். வாய் திறந்தோமில்லை.

மதுவிலக்குப் பிரசங்கிகள் வருகிறார்கள், மாலை போட்டுக்கொள்கிறார்கள், மோட்டாரேறிப் போய்விடுகிறார்கள். 1947இல் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தனர். அவ்வீரத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் கடைவாசலை மறிப்பது வேறு. கடையை விட்டு வந்தவன் பக்கத்தில் உட்காருவது வேறு.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில், குடியை விட்டுச் சில மாதமே ஆன பில் வில்சன் என்பவரை ஹோட்டல் மதுக்கூடம் இழுத்தது. அவர் அப்போது தேடியது உபதேசம் செய்வாரையன்று. தம்மைப்போல் குடியால் கெட்ட இன்னொருவரை. பாப் ஸ்மித் என்னும் டாக்டர் கிடைத்தார். இருவரும் மணிக்கணக்காகப் பேசினர். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் சங்கம் பிறந்தது அங்கேதான். கட்டணமில்லை, பெயரை வெளியிடுவதில்லை, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே அங்கத்தினராகத் தகுதி. நம் நாட்டு நகரங்களிலும் இதன் கூட்டங்கள் நடக்கின்றன. இரவில் பஸ் இல்லாத தோட்டத்துக்காரன் அங்கே எங்ஙனம் போய் வருவான்?

நம்மிடம் கமிட்டிகளுக்கா பஞ்சம்? திருவிழாவுக்கொன்று, பந்தாட்டத்துக்கொன்று, மரணச் சகாய நிதிக்கொன்று! குடியை விட்ட நால்வர் வாரம் ஒருநாள் கூடிப் பேசுவதற்குக் கோயில் மண்டபத்துச் சாவியைக் கேட்டோம். "குடிகாரர் கூடுமிடமா இது?" என்றார் தலைவர். கலியாணப் பந்தலின் பின்புறத்தில் அவரையும் கண்டதாக நமக்கு ஞாபகம், அது கிடக்கட்டும்.

அந்த மனிதர் இரண்டாம் முறையாக ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார். வரும் ஏழாம் தேதி சம்பள நாள். சாவி கிடைக்காவிட்டால் அன்று மாலை கிராணி வீட்டு வராந்தா திறந்திருக்கும். தேநீர் உண்டு. மைத்துனரும் வரலாம், வெறுங்கையோடு.