கணக்குப் புத்தகத்து டிராகன்

மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்ந்து, ஒருவர் கதையின் உலகை நடத்த, ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி ஆடும் கற்பனை ஆட்டம் ஒன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. அமெரிக்காவில் 1974-ம் ஆண்டு காரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் வெளிக்கொணர்ந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பதே இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூலம். அறியாதார்க்கு ஒரு வார்த்தை. இதில் தாயக்கட்டத்தைப்போல் கட்டம் இல்லை. சதுரங்கத்தைப்போல் ஒருவர் ஜெயிக்க ஒருவர் தோற்பதும் இல்லை. “குகை வாயிலில் நிற்கிறீர்கள், என்ன செய்வீர்கள்?” என்று நடத்துநர் கேட்பார். ஆடுவோர் விடை சொல்வர். முடியுமோ முடியாதோ என்று ஐயமான காரியங்களை இருபது முகப் பகடை தீர்த்து வைக்கும். நம் பட்டணத்து வாலிபரும், தோட்டத்தில் பிறந்து பட்டணத்தில் வேலை பார்க்கும் வாலிபரும் இதில் இறங்கியிருக்கிறார்கள். இறங்கட்டும், அதில் நமக்கு எள்ளளவும் ஆட்சேபம் இல்லை. கற்பனைக்குச் செலவிடும் பொழுது வீண்பொழுது என்பாரோடு நாம் சேர்ந்தவர்கள் அல்லர்.

நமது ஆட்சேபம் வேறு. ஆட்டத்தின் பெயரிலே பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கும் டிராகனை, அதாவது நெருப்பையும் நஞ்சையும் மூச்சாக விடும் அந்தப் பறக்கும் நாகத்தை, நம் நடத்துநர்கள் மேசைக்கு மேசை கொன்று வருகிறார்கள். வாளால் அன்று, கணக்கால்.

நடப்பதென்ன? ஆட்டக்காரர் நெடிய தாழ்வாரம் ஒன்றைக் கடக்கிறார்கள். கதவு திறக்கிறது. பெரியதொரு கூடம், நடுவே பொற்குவியல், அதன்மேல் செந்நிற டிராகன். நீ யார் என்று அது கேட்பதில்லை. எதற்கு வந்தாய் என்றும் கேட்பதில்லை. இவர்கள் வருமட்டும் அது எங்கே இரை தேடிற்று, அந்தச் சிறு கதவு வழியே எப்படி உள்ளே புகுந்தது என்று எவரும் யோசித்ததும் இல்லை. “பகடையை உருட்டுங்கள்” என்கிறார் நடத்துநர். உடனே கழித்தல் கணக்கு ஆரம்பமாகிறது. டிராகனுக்கு உயிர்ப்புள்ளி 256. அதில் 31 போனால் 225. அதில் 18 போனால் 207. முக்கால் மணி நேரத்தில் பூச்சியம். டிராகன் இறந்தது, பொன்னைப் பங்கிடுங்கள்! தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதிப் பிழைக்கும் நமக்குக் கழித்தல் கணக்கு புதிதன்று. மாதம் முழுவதும் அதைத்தான் செய்கிறோம். ஞாயிற்றுக்கிழமையும் அதையே செய்வதற்கு ஒரு டிராகன் எதற்கு?

256 என்ற எண்ணை நாம் புனையவில்லை. 2014-ல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் அரக்கர் ஏட்டில் வளர்ந்த செந்நிற டிராகனுக்கு எழுதப்பட்ட எண் அது. அதன் நெருப்பு மூச்சு 60 அடி தூரம் விரிந்து பாயும். 18 அறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டிய தொகை எவ்வளவோ அவ்வளவு சேதம், சராசரி 63. ஏட்டிலே பார்த்தால் பயங்கரம்தான். ஆனால் ஒரு சுற்றில் டிராகனுக்கு முறை ஒன்று. எதிரே ஐவர் நின்றால் அவர்களுக்கு முறை ஐந்து. ஒரு தடவை மூச்சு விட்டபின், அடுத்தடுத்த சுற்றுகளில் பகடையில் 5 அல்லது 6 விழுந்தால்தான் மறுபடியும் மூச்சு. ஆகவே தரையில் இறங்கி நின்று அடி வாங்கும் டிராகன் நாலைந்து சுற்றில் மடிவது அதிசயமன்று. விதி வகுத்தவர்கள் இதை அறியாதவர்களும் அல்லர். பிறர் முறை முடியுந்தோறும் இடையிலே செய்துகொள்ளச் சில செயல்களை டிராகனுக்குக் கொடுத்தார்கள். மந்திரத்துக்கு ஆட்படும் தருவாயில் ‘ஆட்படவில்லை’ என்று தப்பும் உரிமையை நாளொன்றுக்கு மூன்று தடவை கொடுத்தார்கள். தன் இருப்பிடத்தில் அது இருக்கையில் அந்த இடமே அதற்குத் துணைசெய்யும்படியும் ஏற்பாடு செய்தார்கள். எல்லாம் நல்ல ஊன்றுகோல்களே. ஆனால் ஊன்றுகோல் கொடுத்தால் பிணம் நடக்குமா?

நிற்க. டிராகன் இந்த ஆட்டத்துக்கு எங்கிருந்து வந்தது என்பதை நடத்துநர்கள் ஒரு தரமாவது திரும்பிப் பார்க்க வேண்டும். ஆங்கிலப் பள்ளியில் படித்ததனால் நமக்குக் கிட்டிய பயன்களில் ஒன்று, ‘பேவுல்ஃப்’ என்னும் பழைய ஆங்கிலக் காவியத்தின் அறிமுகம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்ட ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியில் அது பிழைத்து வந்திருக்கிறது. அதிலே ஒரு டிராகன் 300 ஆண்டுகளாகப் புதையல் ஒன்றைக் காத்துக் கிடக்கிறது. எவனோ ஒருவன் உள்ளே நுழைந்து ஒரு கிண்ணத்தைத் திருடிப் போகிறான். ஒரே ஒரு கிண்ணம்! விழித்தெழுந்த டிராகன் திருடனின் தடத்தை மோப்பம் பிடித்துத் தேடுகிறது; பொழுது சாயட்டும் என்று காத்திருக்கிறது; இரவானதும் வீடுகளை எரிக்கிறது. அரசன் மாளிகையும் தப்பவில்லை. அதன் பிறகே கிழ அரசன் வாளெடுக்கிறான்.

வடநாட்டு நார்ஸ் மக்களின் ‘வால்சுங்’ வம்சக் கதையில் வரும் ஃபாஃப்னிரோ பிறப்பில் டிராகனே அல்லன். பொன்னாசையால் பெற்ற தகப்பனைக் கொன்று, உடன்பிறந்தானுக்கும் பங்கு கொடாமல், பொன்னின்மேல் படுத்துக் கிடந்து டிராகனாகிவிட்டவன். அவனைக் கொல்ல வந்த சிகுர்ட், நேரே எதிர்த்து நின்று மார் தட்டவில்லை. ஃபாஃப்னிர் தண்ணீர் குடிக்க ஊர்ந்து செல்லும் பாதையில் குழி பறித்து உள்ளே ஒளிந்திருந்து, அவன் மேலே வந்ததும் கீழிருந்து குத்தினான். இதைக் கோழைத்தனம் என்று சொல்லத் துணிபவர் சொல்லட்டும். நாம் காண்பது வேறு. டிராகனுக்கும் தாகம் உண்டு. தாகம் உள்ளதற்குப் போய்வரும் வழி உண்டு. வழியில் தடம் விழும். தடத்தைக் கண்டவன் யோசிக்கத் தலைப்படுவான். ஆட்டக்காரனுக்கு நடத்துநர் கொடுக்கத்தக்க பரிசு அந்த யோசனைதான்.

ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலம் போதித்த பேராசிரியர் டோல்கீன் 1937-ல் வெளியிட்ட ‘ஹாபிட்’ என்னும் நூலை வாசகர் பலர் அறிந்திருக்கலாம், படமாகவாவது பார்த்திருப்பர். பேவுல்ஃபின் திருட்டுக் கிண்ணம் அதிலும் வருகிறது. ஆனால் அங்கே ஸ்மாக் என்னும் டிராகன் வாய் திறந்து பேசுகிறது. கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் பில்போ, தன் பெயரைச் சொல்லாமல், விடுகதை போன்ற பட்டங்களைச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்கிறான். அவற்றுள் பீப்பாயைப் பற்றிய ஒரு சொல்லை ஸ்மாக் பற்றிக்கொள்கிறது. ஏரி நகரத்தார் இவனுக்கு உதவியிருக்கிறார்கள் என்று ஊகித்து, அந்நகரை எரிக்கப் பறக்கிறது. பில்போவும் வெறுங்கையோடு திரும்பவில்லை. டிராகனைப் புகழ்ந்து பேசியே அதன் மார்பை நன்றாகப் பார்த்துவிடுகிறான். இடப்புறத்திலே கவசம் மூடாத ஓர் இடம். அச்செய்தி ஒரு பறவையின் வாயிலாகப் பார்ட் என்னும் வில்லாளிக்கு எட்டுகிறது. ஓர் அம்பில் காரியம் முடிகிறது. ஒரு நகரத்தின் அழிவும் டிராகனின் சாவும் ஒரே பேச்சில் பிறந்தன. இவ்வளவு பெரிய சண்டையை எத்தனை பகடை உருட்டினாலும் உண்டாக்க முடியுமா? ஆட்டக்காரன் அறியாமல் விட்ட ஒரு வார்த்தைக்கு ஒரு நகரம் விலையாகிறது என்றால், அடுத்த வாரம் அவன் வாயைத் திறக்குமுன் யோசிப்பானா மாட்டானா?

மூலவிதிகளே இதை ஓரளவு அறிந்திருந்தன. 1974-ன் சிறு புத்தகங்களில், டிராகன் உறங்குகிறதா, அது பேசவல்லதா என்று பார்ப்பதற்கே பகடை உண்டு. கொல்லாமல் அடக்கிப் பிடிக்கவும் விதி உண்டு. பிடித்ததைச் சந்தையில் விற்கவும் விதி உண்டு. பேசத் தெரிந்த ஒன்றைத் தலைக்கு இவ்வளவு என்று விலை பேசுவதைப் பற்றித் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அந்த விதியைக் கண்டு சிரித்துவிட்டு மேலே செல்வோம்.

பழங்கதை போதும், இன்றைய மேசைக்கு உதவுவதைச் சொல் என்பார்க்கு 2014-ன் தொடக்கப் பெட்டியில் வந்த ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபாண்டெல்வர்’ என்னும் சாகசத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் தண்டர்ட்ரீ என்ற பாழூர் ஒன்று. அங்கே இடிந்த கோபுரத்தில் வெனம்ஃபாங் என்னும் இளம் பச்சை டிராகன் குடியேறியிருக்கிறது. உயிர்ப்புள்ளி 136, நச்சு மூச்சின் சராசரி சேதம் 42. அவ்வூருக்கு வந்து சேரும் ஆட்டக்காரர்களோ பெரும்பாலும் மூன்றாம் படியில் நிற்பவர்கள். அவர்களுள் மந்திரவாதி ஒருவன் இருப்பின் அவனுடைய உயிர்ப்புள்ளி சுமார் 20. கணக்குப் புத்தகத்து நடத்துநர் இதைப் படித்துவிட்டு, ‘அநியாயமான சண்டை’ என்று டிராகனையே அடித்துவிடுகிறார்; அல்லது சண்டையை வைத்து மந்திரவாதியை முதல் மூச்சிலேயே முடித்துவிடுகிறார். அந்த ஏட்டிலேயே கிடக்கும் செல்வத்தை அவர் பார்ப்பதில்லை. டிராகனை அங்கிருந்து விரட்ட வேண்டும் என்று விரும்பும் ரீடோத் என்னும் காட்டுத் துறவி அவ்வூரில் இருக்கிறார். அந்த டிராகனோடு கூட்டுச் சேர வந்த கூட்டத்தாரும் அங்கேயே இருக்கிறார்கள். பச்சை டிராகனோ வஞ்சகத்தில் தேர்ந்தது. உயிர்ப்புள்ளி பாதியானதும் வெனம்ஃபாங் பறந்து தப்பிவிடும் என்றும் ஏடு சொல்லுகிறது. இதைவிட வேறென்ன வேண்டும்? கோபுரத்தை நெருங்குமுன் வாடிக் கருகிய இலைகளையும், காயமின்றி மூச்சடைத்துச் செத்த மான் ஒன்றையும் காட்டுங்கள்; இது நெருப்பன்று, நஞ்சு என்று அவர்களே அறியட்டும். பிறகு டிராகன் பேசட்டும். முதலில் பெயர்களைக் கேட்கட்டும். உங்களை அனுப்பியவர் யார் என்று நயமாக விசாரிக்கட்டும். கூட்டுச் சேர வந்தவர்களைத் தொலைத்துவிட்டு வந்தால் உங்களுக்கு என்ன வேண்டும் என்று பேரம் பேசட்டும். 42 என்ற எண் அப்போதுதான் பயன்படுகிறது. உருட்டப்படாத பகடையாக அது மேசையின்மேல் கிடந்து அத்தனை பேரையும் அச்சுறுத்துகிறது.

இனி, எதிர்க்கோடியில் நிற்கும் நடத்துநர்களுக்கும் ஒரு வார்த்தை. டிராகன் அருமையானது என்று கேட்டவுடன் அதைச் சாகாவரம் பெற்றதாக ஆக்கிவிடுகிறார்கள். என்ன அடித்தாலும் சாகாது. எவ்வளவு சாமர்த்தியமாக வலை விரித்தாலும் தப்பிவிடும். ஏனென்றால் அடுத்த மாதக் கதைக்கு அது வேண்டுமாம்! 1984-ல் தொடங்கிய ‘டிராகன்லான்ஸ்’ வரிசைச் சாகசங்களில், முக்கியப் பாத்திரங்கள் மடிய நேர்ந்தால் உடல் கைக்கு அகப்படாதவாறு மடியச் செய்து பின்னர் மீட்டுக்கொள்ளலாம் என்று நடத்துநர்களுக்கு யோசனை சொல்லப்பட்டது. நாவலாசிரியருக்கு அது தகும். மேசையில் அது மோசடி. வாரம் முழுவதும் பிறர் ஏவலுக்கு உழைத்து, ஒரு நாள் மாலையில் தன் இஷ்டப்படி ஒரு முடிவெடுக்க வந்து உட்காருகிறான் ஒருவன். அவன் எதைச் செய்தாலும் முடிவு முன்பே எழுதப்பட்டதுதான் என்றால், மேசைத் தலைமாட்டில் இருப்பவர் நடத்துநர் அல்லர், இன்னொரு துரை. வெனம்ஃபாங் தப்பியோடுவது அப்படிப்பட்டதன்று. அது எப்போது ஓடும், எந்த வழியாக ஓடும் என்பதைக் கவனித்து அறியலாம். இடிந்த கூரையின் வாயை ஒருவன் முன்கூட்டியே வலையால் அடைத்தானாகில், டிராகன் அங்கேயே சாகட்டும். நடத்துநருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

“ஆட்டக்காரர்களுக்குச் சண்டைதான் பிடிக்கிறது, பேச்சில் கொட்டாவி விடுகிறார்கள்” என்று சிலர் சாக்குச் சொல்லக் கேட்டிருக்கிறோம். கொட்டாவி பேச்சினால் வந்ததன்று. பேசுகிற டிராகனுக்கு வேண்டுவது ஒன்றும் இல்லாததால் வந்தது. “தயார் செய்ய நேரமில்லை” என்பார் வேறு சிலர். உயிர்ப்புள்ளியும் சேதமும் அச்சிலேயே இருக்கின்றன. அவற்றைப் பகர்த்தெழுதும் நேரத்தில் பாதி போதும். இந்த டிராகன் எதை இழக்க அஞ்சுகிறது, யாரிடம் முன்பு ஏமாந்தது, தண்ணீருக்கு எவ்வழி போகிறது என்று அரைத்தாளில் எழுதிக்கொண்டு வந்தாலே அது பேசத் தொடங்கிவிடும்.

தண்டர்ட்ரீயிலிருந்து பாதி உயிரோடு பறந்து போன வெனம்ஃபாங்கை நடத்துநர்கள் மறந்துவிட வேண்டாம். மூன்று நான்கு வாரம் அதைப் பற்றிப் பேச்சே எடுக்காதிருங்கள். பிறகு ஒரு நாள், வேறோர் ஊரின் சத்திரத்தில், வேறு காரியமாக அவர்கள் தங்கியிருக்கும் இரவில், காட்டு வழியே வந்த வழிப்போக்கன் ஒருவன் உள்ளே வரட்டும். அவன் டிராகன் என்ற சொல்லையே சொல்ல வேண்டாம். இடிந்த கோபுரத்தில் தன் பெயரை அன்று யார் சொல்லிவிட்டானோ, அந்தப் பெயரைச் சொல்லி, “அவர் இங்கே இருக்கிறாரா?” என்று மட்டும் விசாரிக்கட்டும்.