வேலிக் கதியால்கள் மரமாகி நிற்கும் வளவுகள்

சிசிலித் தீவின் மேற்கே பெலீச்சே பள்ளத்தாக்கில் 1968 ஜனவரியில் ஏற்பட்ட நிலநடுக்கம் ஜிபெல்லீனா, பொஜ்ஜோரெயாலே முதலிய ஊர்களை அழித்தது. பொஜ்ஜோரெயாலே மக்களுக்கு வேறிடத்தில் புதிய ஊர் கட்டிக் கொடுக்கப்பட்டது. பழைய ஊரின் இடிந்த சுவர்கள் இன்றும் அப்படியே நிற்கின்றன. இவ்வாறு கைவிடப்பட்ட சிசிலியக் குடியிருப்புகளைச் சூழ அத்தி, வாதுமை, சப்பாத்திக் கள்ளி ஆகியவை ஆளின்றியே வளர்கின்றன. ஒரு காலத்தில் மனிதர் நட்டவை, மனிதர் போன பின்பும் அவர்களின் இருப்புக்குச் சான்று கூறுகின்றன.

பலெர்மோ நகரில் வாழும் ஈழத்தமிழ்ப் பெற்றோருக்கு இக்காட்சி புதியதன்று. 1990-ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். 27 ஆண்டுகளின் பின்னர், 2017 ஜூலையில், மயிலிட்டியின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. வடக்கின் வேறு பல ஊர்களும் நீண்ட காலம் ஆளற்றுக் கிடந்தவையே. பலெர்மோவிலுள்ள எத்தனையோ வீடுகளின் அலுமாரிகளில் இத்தகைய நிலங்களின் உறுதிகள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அந்நிலத்தை அடையாளம் காணும் அறிவு, உறுதியை வைத்திருக்கும் தலைமுறையோடு மறைந்துவிடும் ஆபத்து உள்ளது.

வீடு இடிந்து, மதில் சரிந்து, கிணறு தூர்ந்த வளவில் எல்லையைக் காட்டுவது எது? பெரும்பாலும் மரங்களே. கிளுவை, பூவரசு ஆகியவற்றின் தடிகளைக் கதியாலாக நட்டு உயிர்வேலி அமைப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். ஆண்டுதோறும் வெட்டப்பட்ட காலத்தில் அவை வேலியாக நின்றன. வெட்ட ஆளில்லாதபோது ஒரே நேர்வரிசையில் பெருமரங்களாகின. தானாக முளைத்த காட்டு மரம் அவ்வாறு வரிசையில் நிற்பதில்லை. முற்றத்து வேம்பு, கிணற்றடி முருங்கை, கோடிப்புறத்துப் புளி என ஒவ்வொன்றும் வீட்டின் அமைப்பைச் சொல்லும். பொறுக்குவாரின்றி விழுந்த பனம்பழங்களின் விதைகள் முளைத்து வடலிக் கூட்டமாகி நிற்பதும், அங்கு எத்தனை காலமாக மனித நடமாட்டம் இல்லை என்பதைக் காட்டும்.

இவற்றிடையே அழையாமல் வந்தவையும் உண்டு. மத்திய அமெரிக்கப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட பார்த்தீனியம் 1990களின் இறுதியில் வவுனியாவில் இனங்காணப்பட்டு, பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் பரவியது. ஒரு செடியே பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். தோல் ஒவ்வாமையையும் சுவாசக் கோளாறுகளையும் உண்டாக்கும். பயிரிடப்படாத நிலமே அதற்கு வாய்ப்பான களம். அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட நாயுண்ணி 1826-ஆம் ஆண்டு பேராதனைத் தாவரவியல் பூங்காவின் வழியாக இலங்கைக்குள் நுழைந்து, இன்று தரிசு நிலங்களை மூடி நிற்கிறது.

பலெர்மோவிலும் இதே வரலாறு நிகழ்ந்துள்ளது. 1795-இல் திறக்கப்பட்ட அந்நகரின் தாவரவியல் பூங்காவுக்கு 1938-இல் ஆபிரிக்காவிலிருந்து பெனிசெட்டம் என்னும் புல் தீவனப் பரிசோதனைக்காகக் கொண்டுவரப்பட்டது. பூங்காவின் எல்லையைத் தாண்டிய அப்புல், இன்று நகரைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலும் வீதியோரங்களிலும் வெண்கதிர்களுடன் அசைகிறது. சாந்த ரொசாலியாவின் திருத்தலத்தை நாடிப் பெல்லெக்ரீனோ மலையேறும் தமிழ்க் குடும்பங்கள் அதனைக் கண்டிருக்கும். காய்ந்தால் எளிதில் தீப்பற்றும். எரிந்த பின் மற்றைய தாவரங்களை முந்திக்கொண்டு மீண்டும் தளிர்க்கும். ஐரோப்பிய ஒன்றியம் பார்த்தீனியத்தை 2016-இலும் இப்புல்லை 2017-இலும் தடைசெய்யப்பட்ட ஊடுருவும் தாவரங்களின் பட்டியலில் சேர்த்தது.

எனினும் வெளியிலிருந்து வந்த தாவரம் யாவும் தீயது என்று கொள்வதும் தவறு. மெக்சிக்கோவிலிருந்து வந்த சப்பாத்திக் கள்ளியின் பழம் சிசிலிய உழவரின் வருமானம். தீவின் அடையாளமும் ஆகிவிட்டது. அதே கள்ளி கைவிடப்பட்ட நிலத்தில் கட்டுப்பாடின்றிப் பெருகவும் செய்கிறது. இராமநாதபுரத்துச் சீமைக்கருவேலம் பல குடும்பங்களுக்கு விறகும் கரியும் தந்து சோறு போட்டது. கண்மாய்களையும் அதுவே அடைத்தது. ஒரு தாவரம் பயனா கேடா என்பதை அதனைப் பராமரிக்கும் கைகள் உண்டா என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது.

ஆகவே புலம்பெயர் குடும்பங்களின் முன் சில கடமைகள் உள்ளன. பெற்றோரும் பேரன், பேர்த்தியரும் ஒன்றாக அமர்ந்து, தம் வளவின் படத்தை ஒரு தாளில் வரைய வேண்டும். எந்த மூலையில் எந்த மரம், எந்த எல்லையில் எந்தக் கதியால், கிணறு எத்திசையில் என்பதைத் தமிழ்ப் பெயர்களுடனேயே குறிக்க வேண்டும். விடுமுறையில் தாயகம் செல்லும் இளையோர் அப்படத்தை எடுத்துச் சென்று, நிற்கும் மரங்களை ஒளிப்படத்துடன் பதிவு செய்யலாம். கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்படாத காணிக்குள் எக்காரணம் கொண்டும் காலடி வைக்கக் கூடாது. காணியைத் துப்புரவாக்க இயந்திரத்தை அமர்த்துவோர், பதிவு முடியும்வரை எல்லை மரங்களை வெட்டாதிருப்பது நன்று. பார்த்தீனியத்தைக் கையுறை அணிந்து, பூக்கும் முன்னரே வேரோடு பிடுங்குவது அவசியம்.

திரும்பும் பயணத்திலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கன்றுகளையும் பச்சை இலைகளையும் தாவர நலச் சான்றிதழின்றிக் கொண்டுவர முடியாது. இது வெறும் கெடுபிடியன்று. தமிழர் சமையலறையின் கறிவேப்பிலை, எலுமிச்சைக் குடும்ப மரங்களை அழிக்கும் பசுமையாக்க நோயைப் பரப்பும் பூச்சிக்கு விருந்தளிக்கும் செடியாகும். தோடையும் எலுமிச்சையும் சிசிலிய உழவரின் வாழ்வாதாரம். தம் மண்ணை அந்நியச் செடிகள் மூடுவதைக் கண்டு வருந்தும் மக்கள், தமக்கு இடமளித்த மண்ணுக்கு அதே தீங்கைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரலாகாது.

வளவுகளை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். பலெர்மோவின் தமிழ்ப் பாடசாலைகளும் இளையோர் அமைப்புகளும் வரும் கோடை விடுமுறைக்கு முன்பே இப்பதிவுப் பணியைத் தொடங்குவது காலத்தின் தேவையாகும்.