கட்டுச்சோற்றுக்குத் தடையா?

பணம் கொடுத்து நுழைவுச் சீட்டு வாங்கிய ஒருவன் தன் வயிற்றுக்கு வேண்டிய சோற்றைத் தன் கையோடு கொண்டுபோகக் கூடாது என்று ஒரு விதி, நம் பக்கத்துக் கேளிக்கைப் பூங்காக்கள் பலவற்றின் வாயிலிலே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டுத் தலைகுனிந்து திரும்புகிறவர்களும், படியாதவர்போல் பாவனை செய்து பொட்டலத்தைக் குழந்தையின் துணிக்கடியில் ஒளித்துக்கொண்டு போகிறவர்களும் நம்மவரில் ஏராளம். "இது நியாயந்தானா?" என்று வாய்விட்டுக் கேட்டவர்களை மட்டும் நாம் அதிகமாகக் கண்டதில்லை. ஆகவே நாமே கேட்கத் துணிந்தோம். ஒரு சோற்றுப் பொட்டலத்துக்கு இவ்வளவு பெரிய வியாசமா என்று நகைப்பவர்கள் தாராளமாக நகைக்கட்டும். நகைத்து முடித்தபின் கீழ்வரும் சம்பவத்தைச் சற்றே பொறுமையோடு படிக்கட்டும்.

சென்ற ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் செம்பனைத் தோட்டமொன்றைச் சேர்ந்த குடும்பத்தார் நாற்பது பேர், மாதந்தோறும் சிறிது சிறிதாகச் சேர்த்த பணத்தைக் கொண்டு ஒரு பேருந்து அமர்த்திப் பூங்கா ஒன்றுக்குப் புறப்பட்டார்கள். நாமும் உடன் சென்றிருந்தோம். பெண்கள் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து அடுப்பு மூட்டியிருந்தனர். புளிச்சோறு, நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை, ஒரு தகர டப்பா நிறைய முறுக்கு, பிள்ளைகளுக்கு வெந்நீர்ப் புட்டியில் தேத்தண்ணீர். இவ்வளவுதான் அவர்கள் கொண்டுவந்த ஐசுவரியம். வழி நெடுகப் பிள்ளைகள் பாடிய பாட்டும் போட்ட கூச்சலும் சொல்லி முடியாது. அவர்களிற் பலர் அப்படிப்பட்ட ஓர் இடத்தை அதுகாறும் படத்தில் மட்டுமே பார்த்தவர்கள்.

வாயிலில் பைகளை மேசைமேல் வைக்கச் சொன்னார்கள். வைத்தோம். திறக்கச் சொன்னார்கள். திறந்தோம். அங்கே நின்ற காவலாளி நம் இனத்துப் பையன்தான். எழுபது வயதுடைய ஒரு மூதாட்டியின் பையைப் பார்த்து, "பாட்டி, சாப்பாடு உள்ளே போகாது. வெளியே வைத்துவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் இந்தத் தொட்டியில் போட்டுவிடுங்கள்" என்றான். மூதாட்டி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "சோற்றையா தம்பி குப்பையில் போடச் சொல்கிறாய்? நீ பசியாறிவிட்டாயா? இந்தா, நீயாவது சாப்பிடு" என்று ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். அவன் கீழே பார்த்துக்கொண்டு, "எனக்கு உத்தரவு இல்லை, பாட்டி" என்றான். அவனை நாம் குறை கூறோம். கூலிக்கு நிற்கும் அவன் வாயில் ஒலித்தது முதலாளியின் குரல்.

பேருந்தோ எங்கோ தொலைவில் நிறுத்தப் போய்விட்டது. சிலர் முணுமுணுத்துக்கொண்டே பொட்டலங்களைத் தொட்டியில் போட்டார்கள். மூதாட்டி போடவில்லை. மற்றவர்களுடைய மூட்டைகளையும் வாங்கித் தம் அருகில் அடுக்கிக்கொண்டு, வெளியே ஒரு மரத்தடியில் அமர்ந்துவிட்டார். அவருக்கென வாங்கிய சீட்டு அவர் இடுப்புப் பையிலேயே இருந்தது. நாம் என்ன செய்தோம்? வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்: நாமும் உள்ளேதான் சென்றோம். நடுப்பகலில் வெளியே வந்து சாப்பிட்டுவிட்டு மீண்டும் நுழையலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆயினும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்கும் பிள்ளைகளை, அவ்வரிசையை விட்டுவிட்டு வா என்று எந்தத் தாய் அழைப்பாள்? பசித்த பிள்ளைகளுக்கு உள்ளேயே வாங்கிக் கொடுத்தார்கள். மாலையில் திரும்பும்போது பேருந்தில் எல்லோருமாக அந்தப் புளிச்சோற்றை உண்டோம். அது கெடவில்லை. பொழுது சாயும்வரை கெடாது என்பதற்காகத்தானே நம் பெண்கள் பிரயாணத்துக்கு அதைக் கட்டுகிறார்கள்!

இனி, கணக்கைப் பார்ப்போம். 2025ஆம் ஆண்டு முதல் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. ஆறு பேர் கொண்ட குடும்பம் ஒன்று உள்ளே ஒருவேளை உண்ண, தலைக்கு 20 வெள்ளி என்று குறைத்தே மதிப்பிட்டாலும் 120 வெள்ளி ஆகிறது. ஒரு வேளைச் சோற்றுக்கு ஏறக்குறைய இரண்டு நாள் உழைப்பு! தாகத்துக்கு வாங்கும் தண்ணீரும், மூன்று மணிக்குப் பிள்ளை கேட்கும் ஐஸ்கிரீமும் இக்கணக்கில் சேரவில்லை. நுழைவுச் சீட்டின் விலையை விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். இந்த இரண்டாவது கட்டணத்தை எங்கே போட்டார்கள்? பணமுள்ளவனுக்கு இஃது ஒரு தொல்லை, அவ்வளவே. இல்லாதவனுக்கோ இதுவே இரண்டாவது வாயில். சீட்டுக்கு ஓராண்டு பணம் சேர்த்தவன் அந்த இரண்டாவது வாயிலில் வைத்து அளக்கப்படுகிறான்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தை புதிதன்று. கங்காணிமார் கடை நடத்திய காலத்தைப் பற்றித் தாத்தா பாட்டி சொல்லக் கேளாதவர் நம்மில் யார்? பட்டணம் தூரம், வண்டி இல்லை, கையில் காசு இல்லை. ஆகவே அரிசியும் பருப்பும் உப்புக்கருவாடும் அந்த ஒரே கடையில்தான். சொன்னதே விலை, எழுதியதே கணக்கு. சம்பள நாளில் கைக்கு வருவதற்கு முன்பே காசு கடைக்காரனின் பற்றுப் புத்தகத்துக்குள் போய்விடும். இக்கொடுமையை அறிந்துதான், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, தொழிலாளி தன் சம்பளத்தை எந்த இடத்தில், எவ்விதம், யாரிடம் செலவிட வேண்டும் என்று முதலாளி நிபந்தனை விதிப்பது செல்லாது என்று கூறுகிறது. அச்சட்டம் வேலை கொடுப்பவனைக் கட்டுப்படுத்துவதேயன்றிப் பூங்கா நடத்துபவனை அன்று என்பதை நாம் அறியாதவரல்லோம். ஆயினும், ஆளை ஓரிடத்தில் அடைத்து வைத்துக்கொண்டு, வேறு கடைக்கும் போகவிடாமல், சொந்தச் சோற்றையும் தடுத்து, நம்மிடமே வாங்கு என்பதில் அன்றைய கடைக்கும் இன்றைய பூங்காவுக்கும் என்ன பேதம்? அங்கே வேலியாக இருந்தது காடு. இங்கே வேலியாக இருப்பது வண்ணம் பூசிய மதில்.

பழைய சிங்கப்பூரிலும் கேளிக்கைப் பூங்காக்கள் இருந்தன. ஜாலான் புசாரில் 1923இல் திறந்த நியூ வேர்ல்டும், கிம் செங் சாலையில் 1931இல் திறந்த கிரேட் வேர்ல்டும், கேலாங்கில் இருந்த ஹாப்பி வேர்ல்டும் துறைமுகக் கூலியையும் துரையையும் ஒரே வாயிலில் ஏற்றுக்கொண்டவை. பங்சவான் நாடகமும் குத்துச்சண்டையும் ஒருபுறம் நடக்க, மறுபுறம் சின்னஞ்சிறு உணவுக் கடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாகக் கூவி விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு கடையில் விலை ஏறினால் அடுத்த கடைக்கு நகரலாம். அவை மூன்றும் இன்று இல்லை. கிரேட் வேர்ல்டு நின்ற இடத்தில் அப்பெயரைத் தாங்கிய கடைத்தொகுதி ஒன்று நிற்கிறது.

நிற்க. பூங்காக்காரர் தரப்பில் சொல்லப்படும் நியாயங்களையும் கேட்போம். முதலாவது, சுத்தம். வெளிச் சோறு வந்தால் குப்பை சேரும், ஈ மொய்க்கும் என்கிறார்கள். உள்ளே விற்கும் பொரித்த கோழிக்குக் காகிதப் பெட்டியும், பானத்துக்குப் பிளாஸ்டிக் குவளையும் கொடுக்கிறார்களே, அவை ஆகாயத்திலா மறைந்துபோகின்றன? இரண்டாவது, ஹலால் விஷயம். இதை நாம் அலட்சியமாகத் தள்ளமாட்டோம். முஸ்லிம் சகோதரர்கள் அமர்ந்து உண்ணும் இடத்தில் அவர்களுக்கு ஆகாத உணவு கலந்துவிடலாகாது என்ற கவலை மெய்யான கவலை. ஆனால் அதற்குப் பரிகாரம், உணவுக்கடைகளை விட்டு விலகி, நிழலுள்ள ஓரிடத்தைக் கட்டுச்சோற்றுக்கென ஒதுக்குவது. எலுமிச்சைச் சோற்றையும் இட்லியையும் குப்பைத் தொட்டிக்கு அனுப்புவது ஆகாது. அன்றியும், புரட்டாசிச் சனிக்கிழமையில் விரதம் இருப்பவர்க்கும், பிறந்தது முதல் மரக்கறியே உண்பவர்க்கும் உள்ளே கிடைப்பது என்ன? பல இடங்களில் வறுத்த உருளைக்கிழங்கு ஒன்றுதான். ஒருவருடைய நம்பிக்கைக்கு இடம் தரும் ஏற்பாடு இன்னொருவருடைய நம்பிக்கையைப் பட்டினி போட வேண்டியதில்லை.

மூன்றாவது நியாயம்தான் அசலானது. இடம் எமது, விதி எமது, விருப்பமில்லாதவர் வரவேண்டாம் என்பது. சட்டம் இதற்குப் பெரிதும் துணை நிற்கிறது என்பதை மறைக்க மாட்டோம். இந்தியாவில் ஜம்மு காஷ்மீர் உயர்நீதிமன்றம் படக்கொட்டகைகளில் வெளி உணவைத் தடுக்கக் கூடாது என்று 2018இல் உத்தரவிட்டது. 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டு, கொட்டகைக்காரர் தம் இடத்துக்கு விதி செய்யலாம் என்றது. எனினும் இலவசக் குடிநீர் தரவேண்டும், கைக்குழந்தையின் உணவைத் தடுக்கலாகாது என்பவற்றை அந்நீதிமன்றமும் விட்டுவிடவில்லை. மேலும், படக்கொட்டகையில் மூன்று மணி நேரம் வாயைக் கட்டி உட்காரலாம். காலை முதல் இரவு வரை வெயிலில் அலையும் பூங்காவில் அது முடியுமா?

சீனத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஷாங்காய் டிஸ்னிலாந்து 2017இல் வெளி உணவுக்குத் தடை விதித்தது. அமெரிக்காவில் அதே கம்பெனியின் பூங்காக்களுக்குச் சொந்தச் சிற்றுண்டி கொண்டுபோகத் தடையில்லை. வெள்ளைக்காரன் ரொட்டிக்கு ஒரு நீதி, ஆசியாக்காரன் சோற்றுக்கு ஒரு நீதி! 2019இல் சட்டம் பயிலும் மாணவி ஒருத்தி, பையைச் சோதித்துத் தன் தின்பண்டத்தைத் தடுத்தார்கள் என்று வழக்குத் தொடுத்தாள். அவள் கொண்டுபோன பண்டத்தின் விலை ஐம்பது யுவானுக்கும் குறைவு. அவ்வளவு பெரிய கம்பெனி அவ்வாண்டு செப்டம்பரில் அவளோடு சமரசம் செய்துகொண்டு 50 யுவான் கொடுத்தது. விதியையும் மாற்றியது. சூடாக்க வேண்டியவை, கடுநாற்றமுடையவை போன்ற சிலவற்றைத் தவிர, தாம் உண்பதற்கான உணவை மக்கள் கொண்டுவரலாம் என்றாயிற்று. ஒரு மாணவியால் முடிந்தது! நம் நாட்டிலும் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில், நியாயமற்ற ஒப்பந்த விதிகளைப் பற்றிய பகுதி ஒன்று 2010 திருத்தத்தால் சேர்க்கப்பட்டிருக்கிறது. கட்டுச்சோற்று விதி அதற்குள் அடங்குமா என்பதை நம்மிலுள்ள வழக்கறிஞர்கள் ஆராய்ந்து சொன்னால் என்ன? தீபாவளி விருந்தில் தலைமை வகிக்கும் நேரத்தில் ஒரு மணியை இதற்கு ஒதுக்கலாம்.

பூங்காக்காரரை இவ்வளவு கூறிய நாம், நம்மவரை விட்டுவிட்டால் நேர்மையாகாது. பொட்டலத்தை ஒளித்துக்கொண்டு போகிறவர்களே, அகப்படாமல் உள்ளே போய்விட்டதைச் சாமர்த்தியம் என்று பேசிக்கொள்கிறீர்கள். சொந்த அரிசியில் சொந்த அடுப்பில் ஆக்கிய சோற்றைத் திருட்டுப் பொருள்போல் கொண்டுபோய்க் கழிப்பறை ஓரத்தில் நின்று விழுங்குவது சாமர்த்தியமா? பிள்ளைகள் அதைப் பார்த்து என்ன கற்கின்றன? உண்ட இலையையும் பையையும் புல்தரையில் விட்டுவிட்டு வருகிறவர்களைப் பற்றிச் சொல்லவே நா கூசுகிறது. அந்த ஒவ்வோர் இலையும் பூங்காக்காரருக்கு ஒரு சாட்சி.

இவர்களையும் மன்னிக்கலாம். நகரத்தில் குடியேறி, காரும் கல்வீடும் கண்ட நம் கனவான்கள் சிலர் இருக்கிறார்களே, அவர்கள் பேச்சுத்தான் பொறுக்க முடிவதில்லை. "தோட்டத்தான் மாதிரி மூட்டை கட்டிக்கொண்டு வருவதா? நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?" என்கிறார்கள். ஐயா, உங்கள் தாய் பால்மரக் காட்டில் தூக்குச் சட்டியைத் திறந்து, வாளியை ஒருபுறம் வைத்துவிட்டுப் பசியாறிய கட்டுச்சோற்றில்தான் உங்கள் பள்ளிக் கட்டணம் விளைந்தது. வெள்ளைக்காரன் கூடையில் கொண்டுவந்து புல்லில் விரித்தால் அது நாகரிகம், நம் பாட்டி வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்தால் அது அநாகரிகமோ? வாயிலில் நிற்கும் தடையை ஒரு நாள் எடுத்துவிடலாம். உங்கள் நெஞ்சில் நிற்கும் தடையை எடுக்க எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

தனி ஆள் கேட்டால் காதில் விழாது என்பது உண்மை. ஆனால் ஆண்டுதோறும் பேருந்து பேருந்தாக ஆள் சேர்த்துச் செல்லும் ஆலயக் குழுக்களும், இளைஞர் மன்றங்களும், தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் நம்மிடம் இல்லையா? நாற்பது, எண்பது, நூற்றிருபது என்று மொத்தமாகச் சீட்டு வாங்குகிறவர்கள் இவர்கள். பணத்தைக் கட்டுவதற்கு முன், "எங்கள் பிள்ளைகள் கொண்டுவரும் சோற்றை எங்கே அமர்ந்து உண்பது?" என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கட்டும். இடமில்லை என்றால் வேறு பூங்காவுக்குப் பேருந்தைத் திருப்பட்டும்.

மேற்சொன்ன தோட்டத்தார் அடுத்த விடுமுறைக்கும் பணம் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். மூதாட்டியின் கேள்வியை அவர் வாய்மொழியாகவே எழுதி, நாற்பது பேரின் கையொப்பத்துடன் அப்பூங்காவுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறோம். இன்றுவரை பதில் இல்லை. வந்தால் இப்பக்கத்திலேயே வெளியிடுவோம்.